மேனேஜர் நம்பர்

அலுவலகத்தில் நான் அழுத செய்தி எனக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது. அப்போது துறைமுகத்தில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்டாக இருக்கும் தேவபிரசாதம் சாரிடம் வேலை பார்த்தேன். அவரும் அப்பாவும் ஒரே திருச்சபை. அந்தப் பழக்கத்தில் கிடைத்த வேலை. சுங்கத்துக்கு அனுப்பும் பில்லில் எடையைத் தவறாக அடித்துவிட்டேன், லாரி கேட்டில் நின்றுவிட்டது. அழும் அளவுக்குப் பெரிய விஷயமில்லை. இல்லை என்று சொல்வது சரிதானா, தெரியவில்லை.

"உன்னைய மக மாதிரி பாக்காரு. அதான் போன் போட்டுச் சொல்லுதாரு" என்றார் அப்பா.

"மத்தியானம் சோத்த மிச்சம் வச்சியாமே?" என்றாள் அம்மா. "அவ்வளவு பாக்குத மனுசன் அதையும் தின்னு முடிச்சிருக்கலாம்லா."

ஞாயிறு ஆராதனையில் குருவானவர், அப்பா கொடுத்த ஜெபக் குறிப்பை வாசித்து, "மகள் பெர்சியின் மனக்கலக்கம் நீங்க" என்று ஜெபித்தார். தேவபிரசாதம் சாரின் ஆமென் எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்டது. எனக்கு வெட்கமோ கோபமோ வரவில்லை. அதற்குப் பிறகு அழுகையும் வரவில்லை. அது நல்லதா என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

மாலையில் கணக்கு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே பக்கத்தில் உட்காரும் விஜிலா, கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் ஒரு யார்டில் ஆள் எடுப்பதாகச் சொன்னாள். விண்ணப்பித்தேன், கிடைத்தது. வீட்டில் சொன்னேன்.

"மேனேஜர் யாருளா? நம்பரக் குடு" என்றார் அப்பா.

"எதுக்குப்பா?"

"நீ எங்கன இருக்க, எப்பிடி இருக்கன்னு கேக்கணும்லா."

"என்கிட்டயே கேளுங்க."

"நீ சொல்லுவியாக்கும்!"

"நம்பர் தர மாட்டேன்ப்பா."

"அப்பம் அந்த வேலையும் வேண்டாம்."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அம்மா ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை நான் கிளம்பியபோது அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். போனேன். யார்டில் யாருக்கும் அப்பாவைத் தெரியாது. சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போலத்தான் இருந்தது.

சாயந்திரம் நான் காப்பி குடித்து முடிக்கும்வரை அப்பா அடுக்களை வாசலிலேயே நின்றார். பிறகு, "அங்கன எப்பிடி இருக்கு?" என்றார்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து இதை அவர் என்னிடம் கேட்டதேயில்லை.

"பரவாயில்ல" என்றேன்.

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றார். நான் தம்ளரைக் கழுவப் போனேன்.