பிரிண்டருக்கு நாலு வார்த்தை

எங்கள் துறைத்தலைவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘பார்க்கலாம்’. விடுப்பு விண்ணப்பம், ஆய்வகச் சாவி, ஒழுகும் கூரை என்று எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவர் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார். சொல்லிவிட்டுத் தாளை வாங்கி மேசையின் இடது பக்க அடுக்கில் வைப்பார். அந்த அடுக்குக்குள் போன தாள் எதுவும் வெளியே வந்ததாகத் துறையில் யாருக்கும் நினைவில்லை.

அவரிடம்தான் அன்று நான்கு மணிக்குள் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. எங்கள் மூவர் குழுவின் ப்ராஜெக்ட் அறிக்கையை அதற்குள் அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் தேர்வு அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போய்விடும். எனக்கும் அவசரத்துக்கும் அதில் பெரிய நட்டமில்லை. எங்களை வேலைக்கு எடுக்க யாரும் வாசலில் காத்திருக்கவில்லை. அவசரம் என்பது என் நண்பனின் பட்டப்பெயர். உட்காரும்போதே எழுந்துகொள்கிற ஆள். மூன்றாவது ஆள் முதல்பெஞ்ச். அவள் கையில் ஒரு வேலை இருந்தது. இந்தப் பருவமே பட்டம் வராவிட்டால் அது வேறொருவர் கைக்குப் போய்விடும். அறிக்கை முழுவதையும் எழுதியவளும் அவள்தான். போதாததற்கு என் அத்தை மகள் வேறு.

மதியம் அத்தை போன் செய்தாள்.

“மருமகனே, என் பொண்ணு எல்லாத்தையும் எழுதி முடிச்சுட்டாளாம். உன் பங்கு பிரிண்ட் எடுக்குறது மட்டும்தானாமே. அதையாவது ஒழுங்கா செய்வியாடா?”

ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். ஆய்வகக் கணினியில் லினக்ஸ். திரையில் பிரிண்ட் பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்து என்றான் அவசரம். மவுஸைப் பிடித்து பிரிண்ட் எடுப்பதெல்லாம் முதலாமாண்டுப் பிள்ளைகளின் வேலை என்று அவனுக்கு விளக்கினேன். கட்டளைகளைத் தட்டுகிற டெர்மினலைத் திறந்து, அச்சடிக்கச் சொல்லும் எல்பி என்ற கட்டளையையும் பிடிஎஃப் கோப்பின் பெயரையும் தட்டி என்டரை அடித்தேன். கணினி மறுபேச்சில்லாமல் வேலையை ஏற்றுக்கொண்டு, லேசர்-2-31 என்று டோக்கனும் கொடுத்தது.

மூலையில் இருந்த பிரிண்டர் எதையும் கேள்விப்படாதது போல் இருந்தது. மாடியில் யாரோ நாற்காலியைக் கரகரவென்று இழுத்தார்கள்.

வரிசையில் காத்திருக்கும் வேலைகளைக் காட்டச் சொன்னேன். வரிசை காலி. அதாவது அச்சடித்து முடித்தாயிற்று என்கிறது கணினி, கொஞ்சமும் கூச்சமில்லாமல். மறுபடி அனுப்பினேன். 32. வரிசையும் காலி, பிரிண்டரின் தட்டும் காலி. மாடியில் மறுபடி நாற்காலி.

“மேல யாருக்கோ உக்கார இடம் பிடிக்கல போல,” என்றான் அவசரம், நின்றுகொண்டே.

தாள் அளவில் தகராறு இருக்கலாம் என்று ஏ4 என அழுத்திச் சொல்லி அனுப்பினேன். பிடிஎஃப்பை உடைத்து வேறொரு பிடிஎஃப்பாகச் செய்து அனுப்பினேன். அச்சுச் சேவையையே நிறுத்தி, மூச்சு விட நேரம் கொடுத்து, மறுபடி கிளப்பி, ஐந்தாவது தடவையாக அனுப்பினேன். முதல்பெஞ்ச் பக்கத்து ஸ்டூலில் பையை மடியில் வைத்துக்கொண்டு பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அந்த டிக் டிக் சத்தத்துக்கு நான் கடிகாரத்தைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

கோளாறு பிடிஎஃப்பிலா பிரிண்டரிலா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. வெறும் எழுத்தாக ஒரு வரியை அனுப்பினால் போதும். ‘சோதனை’ என்று அனுப்புவதுதான் முறை. நான் அந்த நிலையைத் தாண்டியிருந்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பினேன்: வேலை செய்யுறியா இல்லையா?

பதிலில்லை. சும்மா உக்காரவா உன்னை இங்க வச்சிருக்கு? அதற்கும் பதிலில்லை. எத்தனை தடவைதான் ஒரே விஷயத்தை அனுப்புறது, சொரணை இல்லையா? ஒவ்வொரு வரிக்கும் மாடியில் நாற்காலி மட்டும் இழுபட்டது. அவசரம் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, கடைசியாக ஒன்று அவனுடைய பங்குக்கு என்று கேட்டு வாங்கித் தட்டினான்: இன்னைக்குள்ள முடிக்கலன்னா உன்னைத் தூக்கிட்டு வேற ஆளப் போட்டுடுவோம்.

“பிரிண்டர ஆள்னு சொல்ற,” என்றேன்.

“கோவத்துல இலக்கணம் பாக்க முடியாது மச்சான்.”

பேனா மூடிச் சத்தம் நின்றது. முதல்பெஞ்ச் திரையில் விரல் வைத்தாள்.

“லேசர்-2ன்னு வருதே, அப்போ ஒண்ணு எங்க?”

இவ்வளவு நேரமும் நான் டோக்கனில் கடைசி எண்ணைப் பார்த்தேனே தவிர முன்னால் இருந்த பெயரைப் பார்க்கவில்லை. பெயர் சொல்லாமல் அனுப்பினால் வேலை எந்தப் பிரிண்டருக்குப் போகும் என்று கணினியைக் கேட்டேன். லேசர்-2 என்றது. ஆய்வக உதவியாளர் அண்ணனை விசாரித்தேன். போன வாரம் மாடியில் பார்க்கலாம் சார் அறைக்குப் புதுப் பிரிண்டர் வந்ததாம். இந்தக் கணினியிலிருந்துதான் அண்ணன் அதைச் சோதித்தாராம். சோதிக்கும்போது அதையே முதல் பிரிண்டராக வைத்தவர், திருப்பி மாற்ற மறந்துவிட்டாராம். “ஏன் தம்பி, எதுவும் அவசரமா?” என்று கேட்டார்.

அவசரம் முதல் முறையாக உட்கார்ந்தான்.

“மச்சான், அப்போ நாம திட்டினது?”

“எல்லாம் மேலதான்.”

முதல்பெஞ்ச் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “நான் போய்ப் பேசுறேன், நீ வந்து தலைகுனிஞ்சு நில்லு,” என்று மட்டும் சொன்னாள். படியேறும்போது அவள் கை கைப்பிடிக் கம்பியை விட்டு விட்டுப் பிடித்தது. அத்தையிடம் என்ன சொல்வது என்று நான் வாக்கியம் தேடிக்கொண்டே ஏறினேன். எந்த வாக்கியமும் ‘ஆனா’ என்பதைத் தாண்டவில்லை.

கதவு திறந்தே இருந்தது. துறைத்தலைவர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. இடது பக்க அடுக்கைக் காணவில்லை. அது மேசையின் வலது பக்கத்துக்கு வந்திருந்தது. ஒழுகும் கூரை விண்ணப்பத்தில் மை இன்னும் காயவில்லை.

“உங்க ரிப்போர்ட்தானே? போட்டுட்டேன்,” என்றார். “அஞ்சு காப்பி வந்துச்சு. அஞ்சுலயும் போட்டுட்டேன்.”

மன்னிப்புக் கேட்கத் திறந்த முதல்பெஞ்சின் வாய், “தேங்க்ஸ் சார்,” என்று சொல்லி மூடிக்கொண்டது. அறிக்கைகளை வாரிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

நானும் பின்வாங்கப் பார்த்தேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு இழுப்பறையைத் திறந்து, நாலு தாள்களைக் கவிழ்த்தபடியே என் பக்கம் நகர்த்தினார்.

“பிரின்சிபல் அனுப்புனது,” என்றார் மெல்ல. “வாட்ஸ்அப் குரூப்ல அவர் இப்படித்தான் இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிப்பார். ஆனா இத்தனை வருஷத்துல என்னை ‘நீ’ன்னு சொன்னதே கிடையாது. அவ்வளவு கோவம். இந்தப் புதுப் பிரிண்டர எதுக்குக் கொண்டுவந்து வச்சாங்கன்னு இப்பத்தான்டா புரியுது.”

உண்மையைச் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். ஆனால் அலுவலகம் கீழே இருந்தது, முதல்பெஞ்ச் இன்னும் படியில் இருப்பாள். அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கையெழுத்து செல்லாது என்று சொல்ல, மேசை போன் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

“நீ கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரன்னு சொல்றாங்க. இதே மாதிரி அவர் பிரிண்டருக்கு ஒரு பதில் அனுப்ப முடியுமா?”

முடியும் சார் என்றேன். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது இரண்டு முறை அடித்துத் திருத்தினார்.

ஆய்வகத்துக்குத் திரும்பியபோது அவசரம் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல்பெஞ்ச் அலுவலக வாசலில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினாள். வாங்கிக்கொண்டார்கள். என் போன் அதிர்ந்தது, அத்தை. அதை அதிரவிட்டு, துண்டுத் தாளில் இருந்ததைத் தட்டினேன். இந்த முறை லேசர்-1 என்று பெயரைத் தெளிவாகச் சொல்லி அனுப்பினேன்.

மதியம் முழுக்கச் செத்துக் கிடந்த மூலைப் பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது. அவசரம் எடுத்து வாசித்தான்.

“‘மன்னிக்கணும். தாமதத்துக்கு முழுக்க நான்தான் காரணம். இனிமே அனுப்புனவுடனே செஞ்சுடுவேன். வேற ஆள் வேண்டாம்.’” தாளைத் திருப்பிப் பார்த்தான். பிறகு பிரிண்டரைப் பார்த்தான். “நாம கொஞ்சம் அதிகமாவே திட்டிட்டோமோ?”

அலுவலகத்தை மூடினார்கள். வராந்தா விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மாடியில் மட்டும் வெளிச்சம். சார் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்றும், டீ கூட வேண்டாமென்றுவிட்டார் என்றும் உதவியாளர் அண்ணன் வந்து சொன்னார். கணினியை அணைக்கப் போன கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் அறைக்குள் நடந்தேன். அவசரம் என்னோடு சேர்ந்து நடந்தான்.

பிறகு உட்கார்ந்து, லேசர்-2 என்று பெயரைச் சொல்லி, ஒரே வரி அனுப்பினேன்: சரி, வீட்டுக்குப் போங்க.

மாடியில் கரகரவென்று சத்தம் கேட்டது. அது பிரிண்டர். சற்றுப் பொறுத்து இன்னொரு சத்தம். அது நாற்காலி.