ஆடிய குழல்

கதிரவேலருக்கு ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லை. தன் துவக்கைத் திருத்த என்னிடம் கொண்டுவந்தார்.

பனையோலை உமலுக்குள் மேலே ஒரு வாழைப்பூப் பொத்தி, அடியில் துவக்கு. பொத்தியை எனக்கென்று எடுத்து வைத்துவிட்டு, ஒரு கையில் குழலையும் மறுகையில் பிடியையும் தூக்கினார். பழைய இங்கிலீசு ரைபிள். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகித் திருகினால் முழுத் துவக்கு, திருப்பித் திருகினால் இரண்டு துண்டு. பிடியில் அவருடைய தகப்பன் பெயரின் முதலெழுத்துகள் வெட்டியிருந்தன. ஒரு காலத்தில் அந்தத் துவக்கை அறியாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. எண்பத்து நாலாம் ஆண்டே அதைப் பொலிசில் கையளித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு இயக்கப் பெடியள் வீடு வீடாக வந்து வேட்டைத் துவக்குகளைச் சேர்த்தபோதும் அதையே சொன்னார். எல்லோரும் நம்பினோம்.

"பிள்ளை பராசக்தி, உது ஆடுது. நீ ஈயம் பத்தவைக்கிற ஆள், ஒரு வழி பண்ணு. வெளியிலை கதைச்சுப் போடாதை" என்றார்.

குழலைச் செருகி ஆட்டிக் காட்டினார். டக் டக் என்றது.

"வவ்வாலுக்கு வெடி வைச்சா வேறை எங்கையோ போகுது. மாம்பழம் முழுக்கக் கடிச்சுத் துப்புதுகள்."

"எப்ப தொடக்கம் அண்ணை ஆடுது?"

"போன மாம்பழக் காலத்திலையே தொடங்கீட்டுது."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஆடுகிற குழலைக் கையில் வாங்கினேன்.

போன மாம்பழக் காலத்தில்தான் என் புருசன் மார்க்கண்டு செத்தார். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். தண்ணீர் இறைக்கும் மெசின் மூலையில் கிடந்தது. மிளகாய்க் கன்று வாடுகிறதே என்று அவர் பழைய ஏற்றத் துலாவில் ஏறி மிதித்தார். நான் கிணற்றடியில் நின்று வாளியைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றினேன். பொழுதுபடுகிற நேரம். ஆனையிறவு ஆமி முகாம் பக்கம் ஒரு ஹெலிகொப்டர் பெரும் இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது. துலாவில் நடந்துகொண்டிருந்த மனிதர் திடீரென்று நின்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விழுந்தார்.

பக்கத்துக் காணியிலிருந்த தன் மாந்தோப்பு வேலியைப் பிரித்துக்கொண்டு முதலில் ஓடிவந்தவர் கதிரவேலர். "ஹெலிக்காரன் சுட்டுப்போட்டான்" என்று முதலில் கத்தியவரும் அவர்தான். பாடைக்குத் தோள் கொடுத்தார். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு ஒரு மூடை அரிசி அனுப்பினார். அந்தச் சோற்றை நானும் தின்றேன்.

குளிப்பாட்டும்போது, நெஞ்சுக் காயத்துக்கு நேர் பின்னே முதுகில் ஒரு தடிப்பு என் கையில் தட்டுப்பட்டது. மற்றப் பெண்கள் தண்ணீர் அள்ளப் போன நேரம் பார்த்துச் சவர அலகால் கீறி எடுத்தேன். வேப்பங்கொட்டை அளவில் ஓர் ஈயக் குண்டு. ஹெலிக் குண்டு விரல் நீளம் இருக்கும், மேலே செம்பு போர்த்தியிருக்கும். அதை நான் வயலில் எத்தனையோ தடவை பொறுக்கியிருக்கிறேன். வெறும் ஈயத்தில் குண்டு என்றால் அது வேட்டைத் துவக்குக்குத்தான். ஆனால் ஊரில்தான் வேட்டைத் துவக்கே இல்லையே, யாரைப் பிடித்துக் கேட்பது? அவரைப் பெற்ற மாமியிடம்கூடச் சொல்லவில்லை. குண்டை ஒரு மூக்குத்தூள் தகரப் பேணிக்குள் போட்டு மூடி வைத்தேன். குண்டு கையில் இருந்தது, துவக்கைக் காணோம். அந்த ஒரு வருடமும் எனக்கு நித்திரை இல்லை.

இப்போது துவக்கு தானாக வந்து என் மடியில் விழுந்திருந்தது.

"தோட்டா ஒண்டு இருக்கோ அண்ணை? அளவு பாக்க வேணும்."

சட்டைப் பைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துத் தந்தார். அதன் முனையில் அதே வேப்பங்கொட்டை.

"என்ன பிள்ளை, உதையே பாக்கிறாய்?"

"அளவுதான் பாக்கிறன்" என்றேன். "அவரின்ரை ஆட்டைத் திவசம் வருகுது, வேலை கனக்க. அண்டைக்கு வந்து எடுங்கோவன்."

"முதலாவது திவசம், நான் வராமல் இருப்பனே. ஆக்கள் வர முதல் விடியவே வந்து எடுக்கிறன். பேந்து இரண்டு துண்டாக்கிக் கொண்டுபோய் மகளின்ரை ஆர்மோனியப் பெட்டிக்கை வைக்க வேணும். முழுசா எண்டா அது பெட்டிக்கையும் அடங்காது, உமலுக்கையும் அடங்காது."

அவர் போன பிறகும் அந்தப் பேச்சே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆடுகிற குழலை நிறுத்துவது பெரிய காரியமில்லை. பால்மாப் பேணியில் ஒரு கீலத் தகடு வெட்டி, குழல் போய் உட்காரும் இடத்தைச் சுற்றி வைத்தால் இறுகிவிடும். வேண்டியபோது கழற்றவும் செய்யலாம். நேர்மையான வேலை அதுதான். நேர்மையான ஆளுக்கு அதைச் செய்திருப்பேன்.

அவரைச் சுட எனக்கு ஆசை வந்தது. பொய் சொல்வானேன். அவர் தந்த தோட்டாவும் கையில் இருந்தது. ஆனால் சுட்டுவிட்டால் ஊர் அவரைப் பாவம் என்று சொல்லும். அவர் பாடைக்கும் தோள் கொடுக்க ஆள் வரும். எனக்கு அது வேண்டாம். கதிரவேலர் உயிரோடு, அந்த முழுத் துவக்கோடு ஊருக்கு முன்னால் நிற்க வேண்டும். நின்று, வாயைத் திறக்க முடியாமல் முழிக்க வேண்டும்.

முற்றத்தை ஒட்டிய வேலைக் கொட்டிலுக்குள் கரி அடுப்பை மூட்டினேன். என் மனிதர் விளக்குகளுக்கும் கிடாரங்களுக்கும் பற்றவைத்த அதே அடுப்பு. குழலின் அடியையும் அது செருகும் துளையையும் அரத்தால் வெள்ளை தெரிய உரசி, ஈயம் ஒட்டுவதற்கு நவச்சாரம் பூசினேன். கொட்டிலில் ஒரு துண்டு வெள்ளீயம் மிஞ்சியிருந்தது. அதைக் கரண்டியில் போட்டேன். பிறகு மூக்குத்தூள் பேணியைத் திறந்து குண்டையும் போட்டேன். அது முதலில் அப்படியே கிடந்தது. பிறகு மெல்லச் சாய்ந்து உருகியது. அப்போது அழுதேன், ஆனால் கரண்டியை ஆடவிடவில்லை.

சுற்றிவர ஊற்றிக் குழலை உள்ளே இறுக்கினேன். ஆறிய பிறகு முழங்காலுக்கிடையில் வைத்துத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை.

திவசத்தன்று பொழுது புலரும்போதே கதிரவேலர் உமலோடு வந்துவிட்டார், பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு.

"பிள்ளை, எடு பாப்பம்."

"அடுப்பிலை சோறு அண்ணை, பொறுங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ."

தேத்தண்ணீர் குடித்தார். பிறகு "பிள்ளை" என்றார். பூசணிக்காய் வெட்ட வேண்டும் என்றேன். மறுபடியும் "பிள்ளை" என்றார். ஐயர் வந்துவிட்டார், தர்ப்பை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றேன். கொட்டில் வாசலில் நின்று தெருப் படலையையே பார்த்துக்கொண்டிருந்தார். படலையடியில் சனத்தின் குரல் நன்றாகக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் நான் கை துடைத்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் போனேன்.

துவக்கைக் கொடுத்தேன். ஆட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"கெட்டிக்காரி. கொஞ்சமும் ஆடேல்லை."

"இனி ஆடாது அண்ணை."

திருகினார். பிறகு முழங்காலில் வைத்துத் திருகினார். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்தது. "கழருதில்லைப் பிள்ளை, ஆக்கள் வந்திட்டினம்" என்று இரகசியமாகச் சொன்னார்.

"கழராது. ஈயம் ஊத்திப் பத்தவைச்சிருக்கு. ஈயம் காணேல்லை, அவரின்ரை முதுகிலை இருந்து எடுத்ததையும் சேத்துத்தான் உருக்கினனான்."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு வருடமாக நான் பார்க்க நினைத்த முகம் அது. வடிவாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு கொட்டிலின் முன்பக்க ஓலைத்தட்டியைத் தூக்கி அப்பால் வைத்தேன்.

முற்றத்தில் சனம் நின்றது. என் மனிதரின் படத்துக்கு முன்னால் படையல் போட்டுக்கொண்டிருந்த மாமி நல்லம்மா முதலில் திரும்பினார்.

"உது உன்ரை துவக்கெல்லே கதிரவேலு? பொலிசிலை குடுத்தது எண்டாய்?"

"உது... உவளின்ரை கொட்டிலிலை கிடந்தது."

"கிடந்ததை ஏன் அண்ணை பிரிக்கப் பாத்தனீங்கள்?" என்று கேட்டேன். "போன வருசம் குழல் ஆடினது எண்டு எனக்குச் சொன்னதை மாமிக்கும் சொல்லுங்கோ. வவ்வாலுக்கு வைச்சது எங்கை போனது எண்டும் சொல்லுங்கோ."

அவர் துவக்கை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். நான் சொன்னேன். முதுகுத் தடிப்பையும் வேப்பங்கொட்டை அளவு ஈயத்தையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். மாமியின் கையிலிருந்த சோற்று அகப்பை அப்படியே நின்றது. அவர் அழவில்லை. தன் இளைய மகன் நின்ற பக்கம் திரும்பி, "தம்பி, படலையைச் சாத்து" என்று மட்டும் சொன்னார்.

படலை சாத்தப்பட்டது. கதிரவேலர் கொட்டிலுக்குள் நின்றபடி குனிந்து இன்னமும் திருகிக்கொண்டிருந்தார். குழல் ஆடவேயில்லை.