மடிப்பு கலையாத ஏப்ரன்

எனக்கு மடிப்பு என்றால் உயிர். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் புடவை மடித்துக் கொடுக்கும் வீட்டில் பிறந்தவள். ஓரத்தோடு ஓரம் சேராத துணியைப் பார்த்தாலே கை பரபரக்கும். ராஜபாளையத்தில் ஒரு இருதய ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ் நான். எக்ஸ்ரே ஓடிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் ரத்தக்குழாய் அடைப்பை எடுப்பார். கதிர் மேலே படாமலிருக்க நாங்கள் எல்லோரும் ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்போம். வேலை முடிந்து அந்த ஏப்ரனை நாலாக மடித்து அலமாரியில் வைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் செல்வலட்சுமிக்கு அந்தப் பொறுமை கிடையாது. கழற்றினால் கம்பியில் போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

"ஏட்டி, புளியமரத்து வௌவால் மாதிரி இது என்னடி தொங்குது?" என்று கத்துவேன். பல்லைக் காட்டுவாள். நானே எடுத்து மடிப்பேன்.

தேவதானத்துக்காரி அவள். எத்தனையோ வருஷம் காத்திருந்து இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது.

"வஞ்சுக்கா, என்னைய வார்டுக்கு மாத்தி விடுங்களேன். பயமா இருக்கு."

"ஈயம் போட்டிருக்கேல்ல, பொறவு என்னடி பயம்? ஆளில்லாம நான் என்ன பண்ணுவேன்?"

அதோடு அவள் வாயை அடைத்தேன். ஏப்ரனுக்குள்ளே வயிற்றுப் பக்கம் ஒரு பேட்ஜ் மட்டும் குத்திக்கொண்டாள். உள்ளே எவ்வளவு கதிர் புகுந்தது என்று அதை அனுப்பிப் பார்த்தால் தெரியும்.

போன மாதம் டெக்னீஷியன் ஜெயபாண்டி ஏப்ரன்களைச் சோதித்தான். ஒவ்வொன்றாக மேஜையில் விரித்து எக்ஸ்ரே ஓட்ட, நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று திரையைப் பார்த்தோம். ஈயம் இருக்கும் இடமெல்லாம் கறுப்பாகத் தெரிய வேண்டும். மற்றவர்கள் கம்பியில் தொங்கவிட்டவை கறுப்பாகத்தான் வந்தன. செல்வலட்சுமி போடும் ஏப்ரன் வந்தது. வயிற்றுக்கு நேரே குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, நெடுக்கே ஒன்று. என் மடிப்பு எனக்குத் தெரியாதா?

"அடப்பாவமே! இதப் போயி மடிச்சிருக்காக சார். உள்ள ஈயம் வெடிச்சுப் போச்சு. தொங்கத்தான் போடணும்" என்றான் ஜெயபாண்டி.

டாக்டர் வேதாந்த் திரும்பினார். "யாரு மடிச்சது?"

நாளெல்லாம் ஓயாத என் வாய் அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது. ஐயோ பெருமாளே, திறந்திருக்கக் கூடாதா!

"நாந்தான் சார்" என்றாள் செல்வலட்சுமி.

டாக்டர் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இதுகூடவா தெரியாது என்றார். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவ மடிக்கல சார். அவ தொங்கத்தான் போட்டா. அவளத் திட்டித் திட்டி மடிச்சது நான்."

குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். டாக்டர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெயபாண்டி என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஏப்ரனை எடுத்தான். திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கே அவளை வார்டுக்கு மாற்றினார்கள். பேட்ஜ் சோதனைக்குப் போனது. முடிவு வரும்வரை நான் ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. நேற்றுதான் வந்தது. அளவுக்குள்தான் இருக்கிறது, குழந்தைக்குப் பயமில்லை என்றார் டாக்டர். வார்டுக்கு ஓடினேன். சொன்னதும் செல்வலட்சுமி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு ஏண்டி பழிய உன் தலையில போட்டுக்கிட்ட?"

"நீங்க வாயடைச்சு நின்னு நான் பாத்ததே இல்லியேக்கா. மனசு கேக்கல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கம்பியிலயும் ஏப்ரன் தொங்கத்தான் செஞ்சுச்சு" என்றாள். "புள்ளைக்குப் பத்திரமா இருக்கட்டும்னு, நீங்க மடிச்சு வச்சதாத் தேடித் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டேன்க்கா."