நாடாவுக்கு அடியில் விரல்

அந்த மாட்டுச் சந்தையில் எடை மேடை கிடையாது. நாடாக்காரர் சொன்னதுதான் எடை. மாட்டின் முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஓர் அளவு, தோளிலிருந்து வால் எலும்பு வரை ஓர் அளவு எடுப்பார். மனக்கணக்காகப் போட்டு, "முந்நூத்திப் பத்து கிலோ" என்பார். விற்கிறவர்கள் உதவுகிற சாக்கில் நாடாவுக்கு அடியில் விரலை நுழைப்பார்கள், சுற்றளவு கூடட்டும் என்று. அவரிடம் யார் பருப்பும் வேகாது. "விரல எடுப்பா. அதுக்கும் சேத்தா விலை?" என்று மணிக்கட்டில் தட்டுவார். மாடு மூச்சை வெளியே விடும்வரை காத்திருந்து, நாடாவை இறுக்கி, இரண்டு தரப்புக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் இப்போது படுத்த படுக்கையாகிவிட்டார். வயிற்றில் கட்டி. எடை இதற்கு மேல் குறையாமல் இருந்தால்தான் அடுத்த ஊசி, குறைந்தால் உடம்பு தாங்காது, நிறுத்திவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர் மனைவி கேட்கவில்லை. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன?

வீட்டில் எடை பார்க்க அவரால் நிற்க முடியாது. "நாடா எதுக்கு இருக்கு? நீளம் மாறப்போறதில்ல. மார்புச் சுத்த மட்டும் பாரு" என்று அவரே வழி சொன்னார். வாராவாரம் அளந்தாள். போன வாரம் முப்பத்திரண்டு அங்குலம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவரைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் நாடாவைக் கொடுத்து வாங்கினாள். விலா எலும்புகள் கையில் தட்டுப்பட்டன. அவள் விரல்கள் இரண்டு தாமாகவே நாடாவுக்கு அடியில் போய் நின்றன.

"அதே முப்பத்திரண்டுதாங்க!"

அவர் அவள் மணிக்கட்டை மெல்லத் தட்டினார். அப்போதுதான் அவள் கவனித்தாள். அவர் முகம் சிவந்து, நெஞ்சு புடைத்திருந்தது.

"நீங்க முதல்ல மூச்ச விடுங்க. அப்புறம் நான் விரல எடுக்கறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு மூச்சும் போனது. "கெட்டிக்காரி! சந்தைக்குக் கூட்டிட்டுப் போகாம விட்டுட்டேனே" என்றார். அவளும் சிரித்துக்கொண்டேதான் விரலை எடுத்தாள். நாடா தொளதொளவென்று அவர் மடியில் விழுந்தது.

அதைத் திரும்பவும் இறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவரே இழுத்துப் பிடித்தார். "படி. சத்தமாச் சொல்லு, ரெண்டு பேருக்கும் கேக்கணும்ல."

அவள் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் குனிந்து பார்த்தார். சந்தையில் சொல்கிற அதே குரலில், "இருபத்தொம்பது" என்றார்.