ஆறு மணி டீ

மார்ச் பதினான்காம் தேதி காலை ஏழு இருபதுக்கு, பேருந்துப் பணிமனையில், வண்டிக்கு அடியில் நின்று பழுது பார்க்கும் மூன்றாவது பள்ளத்தில், கையில் ஸ்பேனரோடு ஒரு மெக்கானிக் சரிந்து விழுந்தார். மாரடைப்பு. வயது நாற்பத்தாறு.

மறுநாள் பகலில், அடக்கம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, அவருடைய அக்கா உள்ளறையில் தம்பியின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபது வருட வேலை; கை தானாகவே ஓரம் பார்த்து மடித்தது. எதிரே கட்டிலில் தம்பி மனைவி.

"கிரீஸ் போகவே இல்ல பாருங்க அண்ணி. எத்தனை தடவ துவைச்சேன்."

"சின்ன வயசுலயே அப்படித்தான். அழுக்கு அவனைத் தேடி வரும்."

தம்பி மனைவி லேசாகச் சிரித்தாள். "சாயங்காலம் உங்க ஆறு மணி டீயை மட்டும் ஒரு நாளும் விட்டதில்ல. மழையில நனைஞ்சுக்கிட்டாவது உங்ககிட்ட வந்துடுவாரு. 'நான் போடுறது வெந்நீர், உங்கக்கா போட்டா அமிர்தமா?'ன்னு கேப்பேன். வாயே திறக்க மாட்டாரு. பொறாமையாத்தான் இருக்கும் அண்ணி, இப்ப சொல்றதுக்கு என்ன."

அக்காவுக்கு டீ போடவே வராது. நிலையத்தில் அவள் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு மாத்திரை டப்பா இருக்கும். தம்பி வருவான், ஒன்றை விழுங்குவான், தண்ணீர் குடிப்பான், கிளம்புவான். நாலு வருடமாக. அவன் ரத்தத்தைப் பரிசோதித்தவளும் அவள்தான்.

"அவகிட்ட சொல்லுடா" என்று மாதாமாதம் சொன்னாள். மகள் பரீட்சை முடியட்டும் என்றான். மாமியார் ஆபரேஷன் ஆகட்டும் என்றான். ஒருமுறை மட்டும், "எங்கூட ஒரே தட்டுல சாப்பிடுறா அக்கா. தட்டை நகர்த்திட்டான்னா?" என்றான். அதற்குப் பிறகு அவள் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

இப்போது கைப்பையைத் திறந்து, டப்பாவை எடுத்துச் சட்டைகளின் மேல் வைத்தாள்.

"அவன் டீ குடிக்க வரலை. இதைப் போட வந்தான். எச்.ஐ.வி.க்கு. ஒழுங்கா போட்டான், அதனால உனக்கு வராமலே இருந்திருக்கலாம். ஆனா கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி எத்தனை நாள் இருந்துச்சோ தெரியாது. நீ ரத்தம் பார்க்கணும்மா. நானே பார்க்கறேன், வெளிய தெரியாது."

வாசலில் யாரோ நாற்காலிகளை அடுக்கினார்கள். தம்பி மனைவி டப்பாவைத் தொடவில்லை.

"உங்களுக்கு எத்தனை நாளா தெரியும்?"

"நாலு வருஷமா."

"போன வருஷம் ஒரு மாசம் காய்ச்சல்ல கிடந்தேனே. பக்கத்துல உட்கார்ந்து நெத்தியில ஈரத்துணி போட்டீங்க. அப்பவும் தெரியும்?"

"தெரியும்."

தம்பி மனைவி சட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மேலே இருந்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நான் பார்த்துக்கறேன். நீங்க கிளம்புங்க."

திங்கட்கிழமையிலிருந்து, நிலையத்துக்கு வந்த ஒவ்வொரு ரத்த மாதிரிக் குழாயிலும் அக்கா பெயரைப் பார்த்தாள். தம்பி மனைவியின் பெயர் வரவில்லை. மூன்றாவது வாரம் தம்பி மகளுக்குப் போன் செய்தாள். அம்மா ஏதோ டெஸ்ட் எடுக்க வெளியூர் போய் வந்ததாக அவள் சொன்னாள்.

"என்ன வந்துச்சாம்?"

"நானும் கேட்டேன் அத்தை. அப்புறம் சொல்றேன்னாங்க."

இது அக்டோபர். இன்னும் சொல்லவில்லை.