ஐவி விட்டுப்போன பூனை

தங்கை ஐவியை அடக்கம் செய்த மறுநாள், அவளுடைய கறுப்புப் பூனையைக் கூடையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு டர்ஹம் ஊரிலிருந்து பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தாள் மேவிஸ். கதவைத் திறந்த கணவன் க்ளிஃபர்ட் கூடையைத்தான் முதலில் பார்த்தான்.

"இது எத்தனை நாளைக்கு?"

"சாகுற வரைக்கும். அதுவோ, நானோ."

"என் பிள்ளைங்க இதைச் சும்மா விடுமா?"

பிள்ளைகள் என்று அவன் சொன்னது பின்கட்டில் வளர்த்த இரண்டு ஃபெரெட்டுகளை. கீரிபோல நீண்டு மெலிந்த உடம்பு. வளைக்குள் இறக்கிவிட்டால் முயலை வெளியே விரட்டிவிடும். பிப்புக்கு வயதாகிவிட்டது. நெட்டில் இளசு. குழந்தை இல்லாத அந்த வீட்டில் பிப் க்ளிஃபர்டின் சட்டைக்குள் புகுந்துதான் தூங்கும்.

மேவிஸ் அவசரப்படவில்லை. ஸ்மட் என்ற அந்தப் பூனையை மாடி அறையில் பூட்டி வைத்தாள். அது படுத்த துணியை ஃபெரெட்டுகளிடமும், அவை படுத்த துணியை அதனிடமும் போட்டு வாடையைப் பழக்கினாள். இரண்டாம் வாரம் கம்பித் தடுப்புக்கு இரு பக்கமும் இறைச்சி வைத்தாள். ஸ்மட் சீறியது. நெட்டில் முதுகை வளைத்துப் பக்கவாட்டில் குதித்துக் குதித்து ஆடியது.

"பாரேன், விளையாடக் கூப்பிடுது!"

ஐவி போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். க்ளிஃபர்ட் இருமிக்கொண்டே எழுந்து போய்விட்டான். அந்த வாரம் முழுக்க அவனுக்குக் காய்ச்சல். போர்வைக்குள் அவன் கழுத்தடியிலேயே கிடந்தது பிப்.

நான்கு நாளில் பிப் தும்மத் தொடங்கியது. மூக்கு ஒழுகியது, தீனி இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவன் கையிலேயே உயிரை விட்டது.

"உன் பூனை கொண்டாந்த சீக்கு இது."

"அது ஒரு தும்மல்கூடப் போடலையே, க்ளிஃப்."

"சீக்காளி வீட்டுப் பூனைதானே? உன் தங்கச்சி சாவையும் சேர்த்துத் தூக்கிட்டு வந்திருக்கே."

மேவிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போனாள். திரும்பி வந்தபோது மாடி அறை திறந்து கிடந்தது.

"ஒரு பண்ணையில குடுத்துட்டேன்," என்றான் க்ளிஃபர்ட். எந்தப் பண்ணை என்று எத்தனை தடவை கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நெட்டிலும் தும்மியது. இருவருமாகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். அந்தப் பெண் மருத்துவர் நெட்டிலின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"வீட்ல யாருக்காவது காய்ச்சல் வந்துச்சா?"

"எனக்கு," என்றான் க்ளிஃபர்ட்.

"மனுஷங்க காய்ச்சல் இதுங்களுக்குச் சுலபமா ஒட்டிக்கும். வயசானதுங்க தாங்காது. இருமல் நிக்கிற வரைக்கும் நீங்க கிட்டப் போகாதீங்க."

"பூனை... ஒரு பூனை இருந்துச்சு..."

"பூனையா? உங்ககிட்டேருந்துதாங்க வந்திருக்கும்."

காரில் ஏறியதும் மேவிஸ் கேட்டாள். "பண்ணை எங்க?"

"பண்ணை இல்ல, மேவிஸ். மேட்டு ரோட்டுல, குவாரிகிட்ட இறக்கிவிட்டேன்."

இரண்டு நாளாக மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. நெட்டிலை வீட்டில் விட்டுவிட்டு நேராக அங்கே போனார்கள். ஆளுக்கொரு பக்கம் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி நடந்தார்கள். மேவிஸின் கண்ணில்தான் ஸ்மட் பட்டது. ரோட்டோரப் பள்ளத்தில், ஏதோ வண்டி அடித்துப் போட்டிருந்தது. ஊரைப் பார்த்து ஒரு மைல் தூரம் நடந்து வந்திருக்கிறது.

கழுத்துத் துணியை அவிழ்த்து அதைச் சுற்றி எடுத்துக்கொண்டாள். வீட்டுத் தோட்டத்தில் க்ளிஃபர்ட் மண்வெட்டியோடு வந்து நின்றான்.

"நான் தோண்டுறேன். குடு."

"தொடாதே."

அவளே தோண்டிப் புதைத்தாள்.

அதன்பின் நெட்டிலுக்கு இரண்டு மணிக்கொரு தரம் இறைச்சிக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக ஊட்டியதும் அவள்தான். "குடிடி. உன்மேல எனக்கென்ன கோவம்," என்று அதனிடம் அவள் பேசுவது, கிட்டே வர முடியாமல் முற்றத்தில் நின்ற க்ளிஃபர்டின் காதில் விழும். பத்தே நாளில் நெட்டில் எழுந்து ஓடியது.

க்ளிஃபர்டின் இருமலும் நின்றது. உள்ளே வந்து, "மேவிஸ்..." என்று ஆரம்பித்தான்.

"சாப்பாடு மேசைமேல இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்கு ஏறிப் போனாள். மீதிக் குளிர்காலம் முழுக்க அவனிடம் அவள் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.