பிரியாத கும்பிடு

தேர்தலில் ஜெயித்த அன்று நன்றி சொல்லக் கூப்பிய சட்டமன்ற உறுப்பினர் குஞ்சிதபாதத்தின் கைகள் பிறகு பிரியவேயில்லை. தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார்கள், புதுச்சேரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் கோளாறு இல்லை என்றார் டாக்டர். பதவியேற்பில் கையெழுத்துக்குப் பதிலாகக் கால் பெருவிரலை மையில் தோய்த்து உருட்டினார்கள். மனைவி கீர்த்திகா இட்லி ஊட்டிவிட்டாள். தலைவருக்கு எவ்வளவு பணிவு என்று கட்சிக்காரர்கள் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். அவருக்கோ மூக்கு அரித்தது.

கிளிஞ்சல்மேட்டில் மீன் விற்கும் வடிவாம்பாளுக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. ஓட்டுக் கேட்டு வந்தபோது அவள் வாசலில் கும்பிட்டுத்தான், முகத்துவாரத்து மணலை அள்ளி அகற்றித் தருவதாக அவர் சொன்னார். மணல் மேடிட்டதால் கரை திரும்பும் படகுகள் அங்கே கவிழ்ந்தன. அவள் புருஷன் பஞ்சநாதன் இரண்டு தடவை பிழைத்து வந்தவன். அவன் படகு உள்ளே வரும்வரை பாவம், அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்காது. பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

“எங்க வாசல்ல கும்பிட்டு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்குங்களா?”

“ஃபைல் நகர்ந்துகிட்டு இருக்கும்மா.”

சொன்னதுதான் தாமதம், விரல்கள் நெறுநெறுவென்று இறுகின. குஞ்சிதபாதம் ஐயோ என்று அலறினார்.

“பாருங்க, பொய்யின்னா அந்தக் கைக்கே பொறுக்கல” என்றாள் வடிவாம்பாள்.

அதற்குப் பிறகு ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். மணல் அள்ளும் இயந்திரம் வந்ததும் சுண்டுவிரல் பிரிந்தது. உடனே போட்டோவுக்கு நின்றார். அது மறுபடி ஒட்டிக்கொண்டது. ஒப்பந்தக்காரர் பாதியில் நழுவப் பார்த்தபோது மறுபடி விரல் இறுகிய வலி தாங்காமல், வேலை முடியும்வரை காவலாகக் கரையிலேயே பாய் போடச் சொல்லிப் படுத்தார். மணல் முழுக்கப் போய், பஞ்சநாதனின் படகு ஆடாமல் அசையாமல் உள்ளே நுழைந்த சாயங்காலம் இரண்டு கைகளும் விடுபட்டன. வடிவாம்பாள் ஓவென்று அழுதாள். குஞ்சிதபாதம் முதலில் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

அடுத்த தேர்தலில் வேட்பாளர்கள் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்கள். வடிவாம்பாள் யாரையும் உள்ளே விடவில்லை. “பேச்செல்லாம் அப்புறம். மொதல்ல கையக் கூப்புங்க.” ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் வந்த குஞ்சிதபாதம் மட்டும் வாசலில் நின்று வெகுநேரம் யோசித்தார்.

“தெரு விளக்கு மட்டும் சொல்றேம்மா. போதுமா?”

“போதுங்க. கும்பிடுங்க.”

மூக்கை ஒரு தரம் நன்றாகச் சொறிந்துகொண்டு, அவர் கையைக் கூப்பினார்.